கல்லுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை

1

இது கதையாகத் தொடங்கியதல்ல. இதழாசிரியர் ஒருவர் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார். மென்பொருள் வடிவமைப்பையும் இயற்கையின் விதிகளையும் ஒப்பிட்டு, சாதாரண வாசகருக்குப் புரிகிற மாதிரி, கொஞ்சம் சுவாரசியமாக. எனக்கு இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. ஆனால் என் மனைவியின் அண்ணனுக்கு மென்பொருள்தான் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். பேச ஆரம்பித்தால் தட்டில் போட்டது ஆறிப்போகும். அவரைப் பேசவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டால் கட்டுரை ஆயிற்று என்று நினைத்தேன்.

முதல் பத்தி இப்படி இருந்தது:

"ஒரு கல்லைக் கையிலிருந்து விட்டால் விழுகிறது. 'உன்னை விட்டுவிட்டேன், இனி நீ விழலாம்' என்று கல்லுக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. மென்பொருளில் அப்படியல்ல. அங்கே யாராவது சொன்னால்தான் எதுவும் நடக்கும். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஆகவே நல்ல வடிவமைப்பாளர் என்பவர்

அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது. அதை முடிப்பதற்குள் அவர் பூட்டு அமைத்துக் கொடுத்த கிடங்கு எரிந்துவிட்டது.

2

கதை எழுதுவது என்று முடிவானதும் தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"கிடங்கின் முன்கதவு கனத்த இரும்பு. சாம்பல் நிறம். அதன் வலப்பக்கம் கார்டைக் காட்டுவதற்கு ஒரு சின்னப் பெட்டி

(வேண்டாம். கதவில் தொடங்கினால் குற்றமெல்லாம் கதவின் தலையில் போய் விழும். அப்படி விழுவது நிறையப் பேருக்கு வசதி.)

"அன்று காலை அந்தப் பெண் வேலைக்குக் கிளம்பும்போது

(இதுவும் வேண்டாம். அவரை நான் பார்த்ததே இல்லை. செத்துப்போனவர்களின் கடைசிக் காலையில் ஒரு புன்னகையைச் செருகுவது எங்களைப் போன்றவர்களின் கைப்பழக்கம். வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தார் என்று எழுதிவிடுவேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?)

ஆகவே மச்சானிலிருந்து தொடங்குகிறேன். அவரையாவது எனக்குத் தெரியும்.

3

மச்சான் ஐம்பதை நெருங்குகிறவர். மனைவி பிரிந்துபோய்ப் பல வருடங்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், மாடியில் ஓர் அறையும் ஒரு சமையலறையுமாக இருந்தார். முன்கோபி. கைகழுவும் குழாயைச் சரியாக மூடாதவன் மேல்கூட நாள் முழுக்கக் கோபமாக இருக்கத் தெரிந்தவர். (இந்தப் பத்தியை முதலில் எழுதியபோது அவரை ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேன். என் மனைவி படித்துவிட்டு, "இது யாரு? எங்க அண்ணன் இல்லையே" என்றாள். திருத்தியிருக்கிறேன்.)

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: இதைக் கைவிட்டால் எந்தப் பக்கம் விழும்? பழைய ரயில் சிக்னலை உதாரணம் சொல்வார். கம்பத்தின் உச்சியில் ஒரு கை, தூரத்திலிருந்து அதை இழுக்க ஒரு கம்பி. கம்பி அறுந்துபோனால் கை தன் எடையாலேயே 'நில்' என்ற நிலைக்குப் போய்விடும். ரயில் நின்றுவிடும். யாரும் ஓடி வந்து சொல்லத் தேவையில்லை.

"அதைச் செஞ்சவன் புவியீர்ப்பையே வேலைக்கு வெச்சுக்கிட்டான் மாப்ளே. அது லீவு போடாது, தூங்காது, மறக்காது. நாங்க எழுதுற நிரலெல்லாம் அந்த மாதிரி இருக்கணும். நாங்க செத்துப்போனாலும் சரியான பக்கம் விழணும்."

அந்தப் பார்சல் கிடங்குக்குப் பூட்டு அமைக்கும் வேலை அவருடைய நிறுவனத்துக்கு வந்தபோது மச்சான் மின்காந்தம் வைத்தார். மின்சாரம் இருக்கும்வரை காந்தம் கதவைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் அது வெறும் இரும்பு. தள்ளினால் கதவு திறந்துகொள்ளும். அந்த மென்பொருளிலேயே மிக நல்ல பகுதி, தான் எழுதாமல் விட்ட அந்தப் பகுதிதான் என்று பெருமையாகச் சொன்னார்.

ஆனால் அங்கே அடிக்கடி மின்சாரம் போகும். போகும்போதெல்லாம் கதவு விடுபடும். சில பார்சல்கள் காணாமல் போயின. கிடங்கு மேலாளர் குதித்தார். மச்சானின் முதலாளி, வாடிக்கையாளர் கேட்பதைச் செய்து கொடுங்கள் என்றார். காந்தத்தைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும் மோட்டார் தாழ்ப்பாள் வந்தது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு பேரில் ஒருவர் சொன்னால்தான் நகரும்: ஒன்று, ஊழியர் காட்டும் கார்டு. இன்னொன்று, தீ எச்சரிக்கைக் கருவி. இரண்டு செய்திகளும் அலுவலக அறையிலிருந்த ஒரே கணினி வழியாக, ஒரே கேபிளில் கதவுக்கு வந்து சேரும்.

மச்சான் ஒரு நிபந்தனை போட்டார். கேபிளில் பேச்சே இல்லாமல் போனால், அதாவது கணினியிலிருந்து எந்தச் சத்தமும் வராவிட்டால், கதவு தானாகத் திறந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் முதலில் எழுதியும் கொடுத்தார். பிறகு எலி கேபிளைக் கடித்தது.* பட்டப்பகலில் கதவு திறந்து கிடந்தது. மறுபடியும் கடித்தது, மறுபடியும் திறந்தது. கூட்டம் போட்டார்கள். மச்சான் கத்தினார், பேனாவைத் தூக்கி எறிந்தார், வெளியே போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்து அவர்கள் கேட்டபடி அந்த வரியை மாற்றி எழுதினார். செய்தி வராவிட்டால் எதுவும் செய்யாதே.

ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நான் எழுதலைன்னா வேற எவனாவது எழுதியிருப்பான்" என்றார். பிறகு, "இதையும் எழுதிக்கோ. நான் பேசினதுலயே மட்டமான பேச்சு இதுதான்" என்றார்.

* எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. இதுவும் இயற்கை விதிதான். எந்தக் கூட்டத்திலும் இதை மாற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

4

ஒரு பிற்பகலில், சரக்கு நகர்த்தும் பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் மூலையில் தீப்பிடித்தது. அந்தக் கேபிள் அதற்கு நேர் மேலே போனது. முதலில் எரிந்தது அதுதான்.

கதவுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. அது எதுவும் செய்யவில்லை.

கதவு பழுதாகவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாழ்ப்பாள் சிக்கவில்லை, பேட்டரி தீரவில்லை, நிரலில் பிழை இல்லை. எழுதப்பட்டபடியே நடந்தது. புவியீர்ப்பு ஒருபோதும் தவறுவதில்லை என்று சொல்கிறோமே, அந்த அர்த்தத்தில் அந்தக் கதவும் தவறவில்லை.

முன்கதவுக்குப் பக்கத்து மேசையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெண். கணவர் சலூன் வைத்திருப்பவர். புகையைப் பார்த்ததும் பெரும்பாலோர் கிடங்கின் பின்பக்கம் ஓடினார்கள். அங்கே சரக்கு ஏற்றும் ஷட்டர் ஒன்று இருந்தது. சங்கிலியை இழுத்துக் கையாலேயே தூக்கலாம். தூக்கி வெளியே வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் இன்னும் இருவரும் முன்கதவருகே நின்றார்கள். கார்டைக் காட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் தன் கணவருக்குப் போன் செய்தார். மூவரும் அங்கேயே இறந்தார்கள். தீ அவர்களிடம் வரவில்லை. புகைதான் வந்தது.

ஏன் நின்றார்கள்? அந்தக் கதவு தினமும் திறந்த கதவு. தீப் பயிற்சி நடந்த நாளில் சங்கு ஊதியவுடன் தானாகத் திறந்த கதவு. அதன் பின்னால் ஒரு கேபிள் இருக்கிறது, ஒரு வரி இருக்கிறது, அந்த வரியை மாற்றச் சொன்ன கூட்டம் ஒன்று நடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. பொழுது விடிவதைப் போல, தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதைப் போல, அதுவும் நடக்கும் என்று இருந்திருப்பார்கள். எழுதுகிறவனுக்குத்தான் அது நிரல். அதற்குள்ளே வாழ்கிறவருக்கு அதுதான் இயற்கை.

(கடைசி இரண்டு வாக்கியங்களும் கட்டுரைக்காக எடுத்து வைத்திருந்தவை. கட்டுரையில் அழகாக இருந்திருக்கும்.)

5

தீ விபத்துக்குப் பிறகு நிறுவனம் மச்சானை விடுப்பில் இருக்கச் சொன்னது. தனியாக விட வேண்டாம் என்று என் மனைவி அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசை அவருடைய மேசை ஆயிற்று. கிடங்கின் கூரையில் வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் இருந்தன. கேபிள் எரிந்த பிறகும், தாங்களே உருகும்வரை, அவை கம்பியில்லாமல் அளவுகளை அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த எண்களை வைத்துப் புகை எப்படிப் போனது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் மச்சான். சூடான புகை மேலே போகும். கூரையை ஒட்டிப் பரவும். சுவரில் மோதியதும் கீழே இறங்கும். அதற்கும் விதி உண்டு. அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டார். என்ன கண்டுபிடித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

விசாரணை நாளில் துணைக்கு நான் போனேன். நீளமான நடைபாதை, இரும்பு பெஞ்சு, சத்தம் போடும் மின்விசிறி. எங்கள் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை. கையில் மடித்த கைக்குட்டை. சலூன்காரர்தான்.

"பூட்டு செஞ்சவர் நீங்கதான்னு சொன்னாங்க" என்றார்.

மச்சான் ஆமாம் என்றார். அந்த மனிதர் சட்டையைப் பிடிப்பார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சார். அவ போன் பண்ணா. கதவு திறக்க மாட்டேங்குது, எல்லாரும் பின்னாடி ஓடுறாங்க, நானும் போகட்டுமான்னு கேட்டா. முட்டி வலிக்காரி. கூட்டத்துல விழுந்து மிதிபட்டுடுவாளோன்னு எனக்கு பயம். அங்கேயே நில்லு, தானா திறக்கும்னு சொன்னேன். பயிற்சி அன்னைக்குத் தானா திறந்துச்சுன்னு அவதான் எங்கிட்ட சொல்லியிருந்தா."

கைக்குட்டையை விரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் பின்னாடி போன்னு சொல்லியிருந்தா வந்திருப்பாளா?"

மச்சான் உடனே பதில் சொன்னார். யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை.

"வந்திருக்க முடியாது. முதல்லயே ஓடினவங்கதான் தப்பிச்சாங்க. அவங்க உங்களுக்கு போன் பண்ற நேரத்துல பின்பக்கம் புகை இறங்கிடுச்சு. நீங்க என்ன சொல்லியிருந்தாலும் ஒண்ணுதான்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "திறக்கும்னு நீங்க நெனச்சதுல தப்பே இல்ல. அது திறந்திருக்கணும்" என்றார்.

"சரி சார்" என்றார் அவர்.

உள்ளே கூப்பிட்டார்கள். சலூன்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு மச்சானிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. முன்கதவு திறக்கவில்லை, சரி. ஆனால் இறந்தவர்கள் பின்பக்க ஷட்டருக்குப் போக நேரம் இருந்ததல்லவா? இருந்தது என்று மச்சான் சொன்னால், வேறு வழி இருந்தும் அவர்கள் போகவில்லை என்று ஆகும். கதவின் மேல் இருக்கும் பழியில் பாதி இறங்கும். நிறுவனம் தப்பிக்கும். மச்சானும் தப்பிப்பார்.

மச்சான், கணக்குப் போட்டுப் பார்த்தேன், நேரம் இருக்கவில்லை என்றார். வழக்கறிஞர் கேள்வியை வேறு மாதிரி திருப்பிக் கேட்டார். மச்சானும் அதையே வேறு மாதிரி திருப்பிச் சொன்னார். விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டார்.

6

திரும்பி வரும் பேருந்தில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பாலத்தைத் தாண்டியதும் நான் கேட்டேன்.

"மச்சான், அங்க சொன்னது நிஜமா?"

அவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார்.

(                                        )

7

என் மனைவி இதுவரை படித்துவிட்டு, அடைப்புக்குறி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாள். அச்சடிக்கிறவர்கள் விட்டுவிட்டதாக வாசகர்கள் நினைத்துவிடுவார்கள் என்றாள். வேண்டுமென்றுதான் விட்டேன் என்றேன்.

அவளிடம் நான் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. மச்சானும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததுதான். விசாரணை அறிக்கை வந்தது. மாற்று வழியை அடைய நேரம் இருக்கவில்லை என்று வடிவமைத்தவரே சொல்லியிருப்பதால் மூன்று மரணங்களுக்கும் பூட்டின் வடிவமைப்பே காரணம் என்றது. மச்சானுக்கு வேலை போனது. அவர் மேல் வழக்குப் பதிவானது. அந்த வரியை மாற்றச் சொன்னதற்கு எழுத்தில் எதுவும் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். கிடங்கு மேலாளர் வேறு ஊர்க் கிளைக்குப் போய்விட்டார். அதே தாழ்ப்பாள் இன்னும் எத்தனையோ கட்டிடங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது, எழுதப்பட்டபடியே.

"தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டார்" என்றாள். அழுதுகொண்டே சொல்லவில்லை. பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். மச்சான் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்திருந்தார். இப்போதெல்லாம் எந்தக் கதவையும் அவர் மூடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பேசுவதில்லை.

எனக்குத் தோன்றிய முடிவுகளை அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

ஒன்று: அறிக்கைக்குப் பிறகு எல்லாக் கட்டிடங்களிலும் அந்தத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் காந்தம் வைக்க உத்தரவு வருகிறது. (பொய். வரவில்லை. வாசகருக்கு மூச்சு விட இடம் கொடுக்க எழுதியது.)

இன்னொன்று: மச்சான் மறுபடி விசாரணை அதிகாரியிடம் போய், நான் சொன்னது தவறு, அவர்களுக்கு நேரம் இருந்தது என்கிறார். வழக்கு தளர்கிறது. மறுநாள் சலூன் (இதை முடிக்க என் கை வரவில்லை.)

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் அன்னைக்குப் பொய் சொல்லியிருந்தா அத எழுதுங்க. கேஸ்ல இருந்தாவது தப்பிக்கட்டும். நிஜம் சொல்லியிருந்தா அதையும் எழுதுங்க. அந்த மனுஷன் நிம்மதியாத் தூங்கட்டும். எதையாவது எழுதுங்க. காலியா விடாதீங்க."

பொய் என்று எழுதினால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று யோசித்தாயா என்று கேட்டேன். அப்படியானால் நிஜம் என்று எழுதுங்கள் என்றாள். எழுதலாம். ஆனால் எழுதுகிறவன் யார்? மச்சானின் தங்கை புருஷன். போதாக்குறைக்குக் கதைக்காரன். இதுவரை நான் எழுதிய எதையும் யாரும் நடந்தது என்று எடுத்துக்கொண்டதில்லை. நான் நிஜம் என்று எழுதினால் அதையும் கதை என்றுதான் படிப்பார்கள். இருக்கிற நம்பிக்கையும் போகும். காலியாக விட்டாலும் ஆபத்துதான்: நல்ல பதிலாக இருந்திருந்தால் சொல்லியிருப்பானே என்று நினைப்பார்கள். நீங்களும் இப்போது அப்படித்தான் நினைக்கிறீர்கள். அப்படி நினைக்க உங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இதையெல்லாம் அவளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணன் எழுதின அதே வரியத்தான் நீங்களும் எழுதியிருக்கீங்க" என்றாள். "ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணும் செய்யாத. அவ்வளவுதானே?"

அதனால் இந்தக் கதையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

8

பிறகு ஏன் இது அச்சில் வருகிறது?

போன மாதம் நான் அந்த சலூனைத் தேடிக்கொண்டு போனேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. எதிரே இருந்த செருப்புக் கடையில் செருப்பு பார்ப்பவன் போல நின்றேன். குறுகலான தெரு, உள்ளே பேசுவது கேட்டது. சின்னக் கடைதான். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மட்டும் ஆள். சுவரோரம் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சில் பழைய வார இதழ்கள். சலூன்காரர் கொஞ்சம் இளைத்திருந்தார். முடி வெட்டிக்கொண்டே, பெஞ்சில் இதழைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அந்தப் பெரியவர் ஏதோ ஒரு கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். இவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அவசரப்பட்டு முடிவைக் கேட்டார். பெரியவர் சொன்னதும் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அடுத்து வந்து உட்கார்ந்தவரிடமும் அதே மாதிரி கேட்டார். மனைவி இருந்தபோது இப்படிக் கேட்பாரா, இப்போதுதானா என்று எனக்குத் தெரியாது. கேட்கும்போது அவர் கை நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். அந்தக் கடைக்குப் போனேன் என்று சொன்னதற்கு அவர் கோபப்படவில்லை. அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வேலை செய்துகொண்டிருக்கிறார் என்றேன். கடை திறந்திருந்ததா, ஆட்கள் வந்தார்களா என்று கேட்டார். வந்தார்கள் என்றேன். நல்லது என்றார். பிறகு, எழுதி வைத்திருக்கிறாயே, அதை இதழுக்குக் கொடுத்துவிடு என்றார். அந்த அடைப்புக்குறியை என்ன செய்வது என்று கேட்டேன். அது உன் வேலை மாப்ளே என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் வேலை என்றால், என்னால் இவ்வளவுதான் செய்ய முடியும். இந்த இதழ் என்றைக்காவது அந்தப் பெஞ்சுக்கும் போகும். யாராவது ஒருவர் அதை எடுத்துப் பிரிப்பார், அது நீங்களாகக்கூட இருக்கலாம்; உங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சீப்பும் கத்தரியுமாக நிற்கும் அந்த மனிதர் தலையைத் திருப்பாமல் உங்களிடம் கேட்பார்: "கடைசில என்ன ஆச்சாம்? அந்தப் பொம்பள பின்பக்கம் போயிருந்தா தப்பிச்சிருப்பாளாமா?"

அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.